முடி தொடங்கும் இடம்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டை ஒட்டிச் சாக்குக்கடை வைத்திருந்த வெள்ளத்துரையை வெறுந்தலையோடு பார்த்தவர்கள் அவன் வீட்டுக்கு வெளியே யாருமே இல்லை. சிவப்புத் துண்டு ஒன்றை நெற்றி மறைய இறுக்கிச் சுற்றியிருப்பான். சித்திரையில் கரிசல் கொதிக்கும்போதும் அதை அவிழ்க்கமாட்டான். வேர்வை புருவத்தில் வழிந்து கண்ணுக்குள் இறங்கும். புறங்கையால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் அவனுக்குத் 'துண்டு மொதலாளி' என்று பேர் வைத்திருந்தார்கள்.

துண்டுக்குள் என்ன இருக்கிறது என்று உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பேசமாட்டார்கள். அதைப் பேசினால் ராஜகுருவைப் பற்றிப் பேசவேண்டியிருக்கும்.

ராஜகுரு அவனுடைய அண்ணன். அப்பா தங்கசாமி காலமானபிறகு கடையைத் தூக்கி நிறுத்தியவன். அருப்புக்கோட்டையில் பெண்ணெடுத்து ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் கோடையில் ஒரு உச்சிப்பொழுது, கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. உள்ளே பழஞ்சாக்கும் தேங்காய்நார்க் கயிறும் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. சாப்பிட்டுவிட்டு அந்த அடுக்கின்மேல் ஏறிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளத்துரைக்கு அப்போது பத்தொன்பது வயது.

அவனுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒரு கை. அக்குளுக்குள் நுழைந்து இழுத்த கை. வாசல் வெளிச்சம் தெரிந்த நேரத்தில் எரிகிற கூரைக்கீற்று ஒரு பாளமாக அவன் தலையில் விழுந்தது. அந்தக் கை அதைத் தள்ளிவிட்டு அவனை வெளியே உருட்டியது. அதற்குள் விட்டம் இறங்கிவிட்டது. அண்ணனின் முகத்தை அவன் பார்க்கவில்லை. பிறகும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டாம் என்று பெண்களைத் தடுத்து, துணி சுற்றியபடியே கொண்டுபோனார்கள்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வாழையிலையில் மாதக்கணக்காகக் கிடந்து வெள்ளத்துரை திரும்பினான். புருவம் பிழைத்திருந்தது. அதற்கு மேலே நெற்றியில் இருந்து உச்சிவரை முடியில்லை. சுருங்கிப் பளபளத்த தோல்தான். காதுக்கு மேலும் பின்மண்டையிலும் மட்டும் முடி பழையபடி அடர்த்தியாக வளர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது நடுச்சுவரில் அண்ணனின் போட்டோ பெரிதாக்கப்பட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடு இருந்தது. கலியாணமான புதிதில் அருப்புக்கோட்டை ஸ்டுடியோவில் எடுத்தது. வாரிவிட்ட முன்முடி, வில்லை வளைத்து வைத்ததுபோல் நெற்றிக்கு மேலே கறுப்பாக, சுத்தமாக வளைந்து ஓடியது. உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வெள்ளத்துரை கடையை எடுத்துக்கொண்டான். வீட்டில் மூன்று பேர். அவன், அம்மா தங்கத்தாய், மதினி சண்முகவடிவு. மதினிக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிறந்த வீட்டில் வந்து கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. "அத்தைய யாரு பாப்பா?" என்று மட்டும் சொன்னாள். பகலில் கடையில் சாக்குத் தைத்தாள். சிரிப்பதை விட்டுவிட்டாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி யாரும் குறையாகச் சொன்னதில்லை.

தலையில் முடியில்லாதது சின்ன விஷயம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லலாம். வெள்ளத்துரை திருச்சுழிக் கோயிலுக்குள் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. சாமி முன்னால் துண்டை அவிழ்க்கவேண்டுமே என்று அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டுத் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பான். ஒரு கலியாணத்தில் பெரியவர் ஒருவர், "பெரியாளுக முன்னால என்னப்பா உருமா?" என்று கேட்டார். சாப்பிடாமலே பஸ்ஸேறி வந்துவிட்டான். இரண்டு இடத்தில் பெண் கேட்டார்கள். இரண்டாவது இடத்தில் அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று, "தலைய ஒருக்கா காட்டச் சொல்லுங்க" என்றாள். காட்டினான். அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

எழுபத்து மூன்றில்தான் அந்தச் செய்தி வந்தது. வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிக்கந்தர் அவனுக்குச் சிநேகிதர். கொள்முதலுக்கு மெட்ராஸ் போய்வந்தவர், கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"துரை, மெட்ராஸ்ல ஒரு டாக்டர் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்துருக்காராம். என் சகலை மக மேல வெந்நி கொட்டிப் புருவம் போச்சுல்ல? பின்மண்டைல இருந்து முடிய எடுத்து நட்டுருக்காரு. மொளகா நாத்துப் பிடுங்கி நடுற மாதிரி. பிடிச்சு வளருது. நான் என் கண்ணால பாத்தேன்."

"சும்மா இருங்க."

"அல்லா மேல ஆணை. புருவம் வளந்துட்டே இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா கத்தரிக்க வேண்டியிருக்குன்னு அழுகுறாக."

வெள்ளத்துரை சிரித்தான். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை. பின்மண்டையில் அடர்ந்து கிடந்த முடியைத் துண்டுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தான்.

டாக்டரின் பேர் இன்பராஜ். எழும்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தலையைச் சாய்த்துவைத்து விரலால் தழும்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்து, மெதுவாகச் சிவந்தது.

"ரத்தம் ஓடுது. ஆனா தழும்புத் தோல். நடுறதுல பாதி பிடிச்சாலே பெரிசு. ஒரே தடவையில முடியாது, விட்டு விட்டு நாலஞ்சு தடவை வரணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

"நடுறது எனக்குக் கஷ்டமில்ல. எங்க தொடங்குறதுங்கறதுதான் கஷ்டம்." டாக்டர் ஊதாப் பென்சிலை எடுத்து அவன் நெற்றியில் மேலேயும் கீழேயும் வைத்துப் பார்த்தார். "முடி தொடங்குற இடத்தை நேர்கோடா வச்சா பொம்மைக்கு வச்ச மாதிரி ஆயிடும். யாருக்கும் நேர்கோடு கிடையாது. முன்னால ஒண்ணு ரெண்டா, சன்னமா வரணும்; அப்புறம்தான் அடர்த்தி. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒண்ணு போல இருக்கக்கூடாது. சாய்வும் முக்கியம், முன்னால பாத்துப் படுத்தாப்ல இருக்கணும். உங்க பழைய போட்டோ எதாவது இருக்கா? பதினெட்டு இருபது வயசுல எடுத்தது?"

இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரே போட்டோ கடையோடு எரிந்துவிட்டது.

"சரி, கண்ணை மூடி யோசிச்சுச் சொல்லுங்க. நடுவுல கூர் இருந்ததா? ஓரம் ஏறியிருந்ததா?"

வெள்ளத்துரை கண்ணை மூடினான். எத்தனையோ காலை அந்த முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருப்பான். ஒன்றும் வரவில்லை. இருட்டில் மாலையோடு வந்து நின்றது அண்ணனின் போட்டோதான்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் கேட்டான். "அம்மா, என் முன்முடி எப்படி இருந்துச்சு?" தங்கத்தாய்க்கு அப்போதே கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அவன் குரல் வந்த பக்கம் திரும்பி, "நீயும் அவனும் ஒரே அச்சுதானப்பா" என்றாள். மதினியிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அடுத்தமுறை ரயிலேறியபோது, சுவரில் இருந்த படத்தின் சின்னப் பிரதி ஒன்று அவன் சட்டைப்பைக்குள் இருந்தது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது நீங்க இல்லையே."

"எங்க அண்ணன் சார். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நெத்தி."

"இவர இங்க கூட்டிட்டு வர முடியுமா?"

"இல்ல சார். அவுக இல்ல."

டாக்டர் போட்டோவை மேசையில் வைத்தார். "ரொம்பச் சுத்தமா இருக்கு இந்தக் கோடு. இத நான் அப்படியே வைக்கமாட்டேன், ஒடைச்சுத்தான் வைப்பேன். இன்னொண்ணு. இவருக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்குமா? உங்களுக்கு முப்பது ஆகப்போகுது. இளவயசுக்காரன் நெத்திய வாங்கிட்டுக் கிழவனாகுறது நல்லா இருக்காது. கொஞ்சம் மேல ஏத்தி வைக்கலாம்."

"வேண்டாம் சார். இருக்கறபடியே வையுங்க."

ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தோம் என்று பிற்காலத்தில் வெள்ளத்துரை பலதடவை யோசித்திருக்கிறான். உயிரைக் கொடுத்தவனின் சாயலாவது நம்மேல் இருக்கட்டும் என்று நினைத்தானோ? அல்லது அவன் மனதில் இருந்த ஒரே நெற்றி அதுதான் என்பதாலோ? அந்த நேரத்தில் அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

ஊசி போட்டுத் தலையை மரக்கவைத்தார்கள். வலி இல்லை, சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது, பூசணித்தோலில் ஆணியைத் திருகுவதுபோல. பின்மண்டையிலிருந்து வட்டமான சின்னக் கத்தியால் தோலோடு முடிக்கொத்துகளை எடுத்து, உப்புத்தண்ணீர்த் துணியில் வரிசையாக வைத்தார் நர்ஸ். முன்வரிசைக்கு வேண்டியவற்றை டாக்டர் பிளேடால் இன்னும் சிறிதாகப் பிளந்தார். ஒவ்வொன்றையும் ஊன்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். சாய்வு பிடிக்கவில்லையென்றால் பிடுங்கி மறுபடி வைப்பார்.

நட்ட முடி ஒரு மாதத்துக்குள் உதிர்ந்துவிட்டது. உதிரும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனாலும் தலையணையில் கிடந்த மயிர்களை வெள்ளத்துரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து வைத்தான். பிறகு அந்தத் தோலுக்குள் ஒன்றும் நடக்காத மாதங்கள். தையில் மல்லி வெள்ளாமை வீடு வந்து, சாக்குக்கு ஆள் நெரிந்த சமயத்தில் ஒருநாள் காலை, முகம் கழுவிய கையில் சொரசொரவென்று ஏதோ தட்டியது. கண்ணாடியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தான். மழை கண்ட கரிசலில் கம்பு முளைத்ததுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்பு.

அடுத்தடுத்து மெட்ராஸ் போனான், வந்தான். முடி வளர்ந்தது. பாதிகூடப் பிடிக்கவில்லை என்று டாக்டர் வருத்தப்பட்டார். உச்சியில் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. ஆனால் முன்வரிசை பிடித்துக்கொண்டது. மாதம் போகப்போகக் கண்ணாடியில் ஒரு முகம் கூடி வந்தது. முதலில் நெற்றி. அப்புறம் அந்த நெற்றிக்குக் கீழே தன்னுடைய கண்களே வேறு மாதிரிப் பார்ப்பதாக வெள்ளத்துரைக்குத் தோன்றியது. ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். கண்ணாடிக்குள்ளிருந்து ராஜகுரு, பாதி முகத்தில் சோப்புநுரையோடு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுபத்தைந்து பங்குனியில் துண்டை அவிழ்த்துவிட்டுக் கடைக்குப் போனான். கடைவாசலில் வத்தல் புடைத்துக்கொண்டிருந்த, அண்ணன் காலத்திலிருந்தே வேலை பார்க்கும் குருவம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொளகைக் கீழே போட்டாள்.

"ஆத்தே! பெரிய மொதலாளி!"

"நான்தான் ஆச்சி, தொரை."

"தெரியிது சாமி, தெரியிது" என்றாள். ஆனால் அன்று முழுவதும் அவன் பக்கம் திரும்பவே இல்லை. வெயில் ஏறுவதற்குள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பஜாரில் பழகியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிலர் நல்லா இருக்கு என்றார்கள். சொல்லும்போதே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெள்ளத்துரைக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. திருச்சுழிக் கோயிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான். காற்று முடிக்குள் நுழைவதே புதிதாக இருந்தது.

அப்புறம்தான் மாரிச்சாமி வந்தான். அண்ணனின் கூட்டாளி; தீப்பிடிப்பதற்கு முன்பே பம்பாய்ப் பக்கம் லாரி ஓட்டப்போய், அதன்பின் ஊர்ப்பக்கமே வராதவன். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கியவன், கடையில் நின்ற வெள்ளத்துரையைப் பார்த்ததும் ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டான்.

"ஏலே ராசு! அப்படியே இருக்கியடா! ஒரு முடி நரைக்கல!"

வெள்ளத்துரை வாயைத் திறந்தான். நான் ராஜகுரு இல்லை என்று சொல்லத்தான் திறந்தான்.

"வாடா மாரி. எப்ப வந்த?"

அது தன் வாயிலிருந்துதான் வந்தது. அண்ணன் அவனை 'மாரி' என்று கூப்பிட்டது எப்போதோ காதில் விழுந்திருக்கவேண்டும். மாரிச்சாமி அடுக்கிக்கொண்டே போனான்: புழுதி, குளிர், ஊர் ஞாபகம். இவன் தலையாட்டினான், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தான்.

"தம்பி எப்படி இருக்கான்? தொரை?"

"இருக்கான்."

"மதினி?"

"சௌக்கியம்."

லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனபிறகு வெள்ளத்துரை சாக்கு அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். தன்னைப் பற்றி ஒருவன் தன்னிடமே கேட்டான். இருக்கிறான் என்று வேறு யாரோ பதில் சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அயலூர்க்காரர்கள் பேர் மாற்றிக் கூப்பிடுவார்கள்; திருத்துவதற்கு அவனுக்கு நா எழாது. நடக்கும்போது இடதுகையைப் பின்னால் கட்டிக்கொள்வான். அது அண்ணனின் பழக்கம். சோற்றில் மோரை ஊற்றும்போது, நான் மோர் ஊற்றிக்கொள்கிறவன் இல்லையே என்று திடுக்கிடுவான். பகலில், திரும்பக் கட்டிய கிட்டங்கிக்குள் போனால் பின்னால் யாரோ நுழைவதுபோல் இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டான். அந்த ஆளுக்கு முகம் இருக்காது என்று அவனுக்கு ஒரு பயம். அந்த முகத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோமே என்று.

அம்மாவுக்குப் புரை முற்றிவிட்டது. ஆள் வந்தால் நிழல் மட்டும் தெரியும். ஒரு மத்தியானம் வெள்ளத்துரை குனிந்து உள்ளே நுழைந்தபோது, வாசல் வெளிச்சத்தில் அவன் தலை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து வந்து முகத்தைக் கையால் வழித்தாள். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் விரல் நின்றது.

"ராசு," என்றாள். "வந்துட்டியாப்பா?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"வந்துட்டேம்மா" என்றான் வெள்ளத்துரை.

சண்முகவடிவு ஈரக்கையோடு வெளியே வந்தாள். மாமியாரைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். அவனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் கடைக்குள்ள வாங்க" என்றாள். போகும்போது சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். அத்தனை வருஷத்தில் அந்தப் படம் சுவரைவிட்டு இறங்கியது அப்போதுதான்.

கடைக்குள் வந்து படத்தைச் சாக்குக்கட்டின்மேல் சாத்திவைத்தாள். மாலையை எடுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"இத வச்சுத்தான நட்டீக?"

"ஆமா மதினி."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

அவன் தலையைக் குனிந்து நெற்றியைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"இது அவுக நெத்தி இல்ல" என்றாள் சண்முகவடிவு.

அவனுக்குப் புரியவில்லை. அவள் விரலைக் கண்ணாடியில் வைத்து இடப்பக்க மூலையைக் காட்டினாள்.

"அவுகளுக்கு இந்த எடத்துல ஒரு சுழி. முடி செங்குத்தா நிக்கும், எண்ணெ வச்சாலும் படியாது. இங்க, நடுவுல, காலணா அகலத்துக்கு ஏறிப்போயிருக்கும். போட்டோ எடுக்கப் போன அன்னிக்கு ஸ்டுடியோக்காரரு தண்ணி தொட்டுத் தொட்டு வாரிப் பாத்தாரு, படியல. 'விடுங்க, நெகட்டிவ்ல பென்சில வச்சுச் சரி பண்ணிடுறேன்'னாரு. படம் வந்தவொடனே அவுக விழுந்து விழுந்து சிரிச்சாக. 'இது யாரு வடிவு, உனக்கு வேற மாப்பிள்ளையா?'ன்னாக. மாட்ட விடல. பெட்டிக்குள்ள போட்டு வச்சிருந்தேன். அவுக போனப்பறம் வேற படம் இல்லன்னு அத்தை எடுத்துப் பெரிசு பண்ணிட்டாக."

ரோட்டில் ஒரு பஸ்ஸு ஆரன் அடித்துக்கொண்டு போனது. அவள் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

"மூஞ்சியக் கடைசியாப் பாக்கவிடல. சரி, ஞாபகத்துல இருக்குல்லன்னு இருந்தேன். தெனமும் இதுக்கு முன்னால வெளக்கு வச்சு வச்சு, இது வந்து உள்ள உக்காந்துக்கிருச்சு. இப்ப கண்ண மூடுனா அவுக வரல தம்பி. ஸ்டுடியோக்காரரு போட்ட கோடுதான் வருது. அந்தச் சுழிய மட்டும் விடாமப் பிடிச்சு வச்சிருந்தேன். ராத்திரியானா விரலால தொட்டுப் பாக்குற மாதிரி நெனச்சுக்கிடுவேன். இப்ப நீங்க அந்தக் கோட்டத் தலைல வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நடமாடுறீக. சோறு போடுறப்ப குனிஞ்சு நிக்கிறீக. அந்தச் சுழி எந்தப் பக்கம்னு முந்தாநாள் எனக்கு மறந்துபோச்சு. வலமா, எடமா? அரைப்பொழுது உக்காந்து யோசிச்சேன். இப்ப எடம்னு காட்டுனதுகூடச் சரியான்னு தெரியல."

அவள் அழவில்லை. வெள்ளத்துரைதான் அழுதான்.

"மதினி, நான் வேணும்னு..."

"தெரியும். உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அவுக பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாய் தொறக்காதீக. என்னால ரெண்டாவது தடவ பறிகொடுக்க முடியாது."

ஒரு மனுஷனும் சுமந்திராத நெற்றியைத்தான் இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்பது அவனுக்குள் இறங்க நேரம் பிடித்தது. இறந்தவன் தன்மேல் வந்து இறங்கிவிட்டான் என்று பயந்தான். வந்ததோ ஒரு பென்சில் கோடு. அது தெரிந்தபிறகு பயம் போயிருக்கவேண்டும். போகவில்லை, வேறு மாதிரி ஆனது. கிட்டங்கியில் பின்னால் நுழைகிறவனுக்கு இப்போது நெற்றியில் ஒரு சுழி இருந்தது. அது எந்தப் பக்கம் என்று வெள்ளத்துரைக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒருதடவை நடவேண்டியிருந்தது. மெட்ராஸ் போனபோது டாக்டர் இன்பராஜிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். போட்டோவை மறுபடி வாங்கி, பூதக்கண்ணாடியால் நெற்றிமேல் பார்த்தார்.

"ஆமா. பென்சில் போட்டிருக்கு. எனக்கு அன்னைக்கே உறுத்துச்சு. விட்டுட்டேன்." போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். "அந்தச் சுழிய வேணா வச்சுத் தரட்டுமா? நாலு முடியத் திருப்பி நட்டாப் போதும். உங்க அண்ணன் மாதிரியே ஆயிடும்."

"வேண்டாம் சார்," என்றான் வெள்ளத்துரை அவசரமாக. "அது மதினியோடது. எனக்கு, என் வயசுக்கு, என் மூஞ்சிக்கு எது வருமோ அத வையுங்க."

"உங்களுக்கு எது இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாதே."

"தெரியாமலே இருக்கட்டும் சார்."

டாக்டர் ஊதாப் பென்சிலை எடுத்தார். இந்தமுறை போட்டோவைப் பார்க்கவில்லை. அவனைப் பேசச்சொன்னார், சிரிக்கச்சொன்னார், புருவத்தை உயர்த்தச்சொன்னார். நெற்றி எங்கே மடிகிறது என்று பார்த்துப் புள்ளி வைத்தார். இரண்டு மூலையிலும் இருந்த முடிகளை வேரோடு எடுத்து உச்சியில் நட்டார். நடுவில் இருந்த வளைவை அங்கங்கே கலைத்தார். தழும்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. "தெரியட்டும். அது உங்களுதுதான்" என்றார்.

சன்னமான, மூலை ஏறிய, சாதாரணமான ஒரு முன்தலை அவனுக்கு வந்துசேர்ந்தது. மறுபடி ஊருக்குள் நடந்தபோது யாரும் திடுக்கிடவில்லை. குருவம்மாள் நேராகப் பார்த்து, "வெத்தல பாக்குக்குக் குடுங்க மொதலாளி" என்று கேட்டாள். அடுத்தமுறை மாரிச்சாமி வண்டியை நிறுத்தியபோது வெள்ளத்துரை விஷயத்தைச் சொன்னான். மாரிச்சாமி அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அந்தக் கடைப்பக்கம் வண்டியை நிறுத்தவே இல்லை.

சண்முகவடிவு அந்த வருஷம் ஐப்பசியில் பிறந்த ஊருக்குப் போனாள். அருப்புக்கோட்டையில் தையல் மெஷின் போட்டு, ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். போகும்போது போட்டோவைக் கொண்டுபோகவில்லை. "அது எனக்கு வேண்டாம் தம்பி. அத்தைக்கு இருக்கட்டும்" என்றாள். பஸ்ஸு வந்தது, ஏறுவதற்கு முன் அவன் நெற்றியை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இப்ப உங்களப் பாத்தா நீங்கதான் தெரியிறீக" என்றாள்.

மறுவருஷம் அருப்புக்கோட்டையில் கண் ஆபரேஷன் முகாம் போட்டார்கள். தங்கத்தாயைக் கூட்டிப்போனான். கட்டு அவிழ்த்து, தடித்த கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள்: சுண்ணாம்புச் சுவர், வரிசையாகப் படுத்திருந்த கிழவர்கள், நர்ஸின் வெள்ளைச் சேலை. பிறகு முன்னால் குனிந்து நின்ற மகனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது.

"ராசு எங்கப்பா?"

அருகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே ஒருதடவை, நான்தாம்மா என்று சொல்லிவிடலாமா என்று வெள்ளத்துரைக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள்.

"அண்ணன் செத்துப்போச்சும்மா" என்றான். "தீயில. நான் தொரை."

தங்கத்தாய் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே அழக்கூடாது, புதுக்கண் கெட்டுவிடும் என்று நர்ஸு ஓடிவந்து சொன்னாள். அவள் அழவில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தாள். வெள்ளத்துரை கலியாணம் முடித்து, செல்லக்கிளி என்கிற நல்ல பெண் வீட்டுக்கு வந்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டுத்தான் போனாள். அவனிடம் அன்பாகவே இருந்தாள். அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் படுக்கமாட்டாள். ஆனால் ராசு என்றோ தொரை என்றோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாசலில் காலடி கேட்டால் தலையைத் தூக்கி, யார் உள்ளே வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பாள்.